ஷாரோன் கடைசிவரை கேட்ட பாட்டு

ஷாரோன் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடலாம். திருப்புலிவனம் காலனியில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் தேர்வு தேறியவள். ஆங்கிலத்தில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை நூற்றியிரண்டு காய்ச்சலோடு உத்திரமேரூருக்குப் போய் எழுதி வாங்கியது. காலனிக்குள் வந்த இன்டர்நெட் ஒயரும் அவள் ஜெயித்ததுதான். "ஒரு வூட்டுக்காக நாலு கம்பம் நட முடியாதும்மா" என்று சொன்ன ஒயர் கம்பெனிக்காரர் முன்னால், பதினோரு வீட்டு விண்ணப்பங்களை ஒரே நாளில் நிரப்பிக் கொண்டுபோய் வைத்தாள். ஒன்பதாம் நாள் கம்பம் வந்தது. சென்னைக் கம்பெனியில் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. நேர்காணலில் "உங்க ஊர்ல கரன்ட் இருக்குமா?" என்று சிரித்தவர், இப்போது புது ஆட்களை அவளிடம்தான் பழக அனுப்புகிறார். நான்கு வருடத்தில் அவள் இணையத்திலிருந்து நீக்கவைத்த திருட்டுப் பாட்டுகளின் முகவரிகள் அறுபத்தோராயிரத்துச் சொச்சம். எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு தாளின் அடியில் அவள் பெயர். அதற்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

அவள் வேலை என்னவென்று காலனியில் யாருக்கும் முழுசாக விளங்கியதில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்பவளுக்குச் சம்பளமா என்பார்கள். அக்கா சோபியாவுக்கு மட்டும் விளங்கும். ஒரு பாட்டைத் திருடி யாராவது இணையத்தில் போட்டால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கேட்டுப் பார்த்து, கம்பெனிக்குச் சொந்தமான அதே பாட்டுதானா என்று உறுதி செய்ய வேண்டும். முகவரி, தேதி, மணி, நிமிடம் எல்லாவற்றையும் அட்டவணையில் ஏற்றி, எடுத்துவிடச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். முப்பது விநாடி கேட்டால் போதும் என்பது ஆபீஸ் விதி. ஷாரோன் கடைசிவரை கேட்பாள்.

"பாதியில வேற பாட்டை ஒட்டி வெச்சிருப்பானுங்க அக்கா. நோட்டீஸ் தப்பாப் போனா பாவம், எவனோ ஒருத்தன் சொந்தமாப் பாடினது போயிடும்" என்பாள்.

சோபியா எட்டாவதோடு நின்றவள். தங்கையைவிட ஒன்பது வயது மூத்தவள். நடவு, களை, நூறு நாள் வேலை என்று எதற்கும் போவாள். சினிமா ஷூட்டிங்குக்குக் கூட்டம் சேர்த்தால் அதற்கும் போவாள். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. நூறு நாள் வேலையில் ஒருமுறை, அவள் வேலைக்குப் போன நாளை வராத நாள் என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளை அவள் எறிவதில்லை. அதன் பின்பக்கம் அன்று எங்கே வேலை, யார் கூட்டிப்போனது, போன நேரம், வந்த நேரம் எல்லாம் எழுதி, மாதாமாதம் நூலில் கோத்து ஆணியில் மாட்டிவிடுவாள். "எங்க வி.ஏ.ஓ. அம்மா வந்தாச்சு, வணக்கம் சொல்லுங்கடி" என்று கூட நடவு நடும் அம்முலு கேலி செய்வாள்.

ஒருநாள் சோபியா தங்கையின் கம்ப்யூட்டரில் ஒரு நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"உன் பேரு எங்கடி கீது?"

"என் பேரு வராது அக்கா. அடியில மேனேஜர் பேருதான்."

"உக்காந்து உக்காந்து கண்ணு பூத்துப் போறது நீ. பேரு மட்டும் அந்தாளுதா?"

"நீ நட்ட நெல்லு மூட்டையில உன் பேரா போட்டு விக்கிறானுங்க?"

 அந்தக் குறை சோபியாவின் மனதில் தங்கிவிட்டது.

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை. காணும் பொங்கலுக்கு மறுநாள். ஊருக்குக் கிழக்கே சேறடித்துப் போட்டிருந்த கழனியில் ஒரு பாட்டைப் படம்பிடிக்க வந்தார்கள். கதாநாயகி பாடிக்கொண்டு வரும்போது பின்னால் நாற்று நட இருபது பெண்கள் வேண்டும். வழக்கம்போல ஆள் சேர்த்து வேனில் கூட்டிப்போனவர் மேஸ்திரி கோபால். பாட்டு இன்னும் வெளியாகவில்லை, யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்று சினிமாக்காரர்கள் மைக்கில் சொன்னார்கள். கோபால் ஒரு துணிப்பையை விரித்துக்கொண்டு வரிசையாக வாங்கி வந்தார். சோபியா, சேறு படாமல் பால் பாக்கெட் உறையில் சுற்றி இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்து நீட்டினாள்.

"நீ வெச்சிக்கோ" என்றார் கோபால், குரலை இறக்கி. "பாட்டைக் கொஞ்சம் எடுத்து எனக்கு அனுப்பிடு. என் மருமவ உசுர வாங்கிக்கினு கீது."

"எடுக்கக் கூடாதுன்றாங்களே மேஸ்திரி?"

"நம்ம ஊரு கழனி. இவனுங்க வந்து நமக்குச் சட்டம் சொல்லிக்கினு. நீ இன்னா விக்கவா போற?"

மூன்றாவது டேக்கில் சோபியா போனை நாற்று முடிக்குள் சொருகிப் பாட்டைப் பதிந்தாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. வரப்பு ஓரம் குந்தி, கோபாலுக்கு அனுப்பினாள். பிறகு யாரும் கேட்காமலே தங்கைக்கும் அனுப்பினாள். நான்கு வருடமாக எவன் எவனோ திருடிய பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவள், ஒரு பாட்டையாவது உலகம் கேட்பதற்கு முன்னால் கேட்கட்டும், அதுவும் அக்கா நிற்கிற சேற்றிலிருந்து கேட்கட்டும் என்று நினைத்தாள். அது திருட்டு என்று அவளுக்கு உறைக்கவில்லை. தங்கை பிடிக்கிற திருடர்கள் வேறு எங்கேயோ, ஊர் பேர் தெரியாத இடத்தில் இருப்பவர்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மணி அப்போது பத்து நாற்பத்திரண்டு.

மாலை நாலரைக்குக் கால் கழுவக்கூட விடாமல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டும் சத்தம் கேட்டது. சோபியா போனாள். ஷாரோன் கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை எடுத்து அக்காவின் காதில் மாட்டினாள்.

பாட்டு ஓடியது. காலையில் கேட்ட அதே பாட்டு. "நல்லா கீதுல்ல?" என்று சோபியா சிரித்தாள். ஷாரோன் சிரிக்கவில்லை. பாட்டு முடிகிற இடத்தில், இரைச்சலுக்கு நடுவில், ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது:

"ஏ அம்முலு, அந்தாண்ட நவுருடி. என் தங்கச்சிக்கு அனுப்பணும்."

சோபியா ஹெட்போனைக் கழற்றினாள். 

"இது எப்டி உன் கம்ப்யூட்டர்ல...? நீ போட்டியா?"

"நான் என் போனையே இப்பத்தான் பாத்தேன் அக்கா. டூட்டி நேரத்துல அது ஃப்ரிஜ் மேலதானே கவுந்து கெடக்கும். இது நெட்ல வந்தது. பதினொண்ணு பத்துக்கு ஒரு சேனல்ல மொத மொத ஏறிச்சு. பிடிச்சதும் நான்தான். இப்ப நூத்தி எண்பத்தாறு இடத்துல கீது."

"நூத்தி எண்பத்தாறா?"

"நீ பேசறதுக்குள்ள இன்னும் நாலு ஏறியிருக்கும்."

"ஆபீஸ்ல கேட்டுட்டாங்களா?"

"அவங்க முப்பது செகண்டோட நிறுத்திடுவாங்க. உன் குரல் ரெண்டு நிமிஷம் முப்பத்தொண்ணுல வருது. இப்போதைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்."

அப்போதே டீம் லீடர் ஸ்ரீகாந்த் கூப்பிட்டார். ஷாரோன் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷாரோன், செவ்வாய்க்கிழமை ஹைகோர்ட்ல மனு போடறோம். லீக்கை முதல்ல பிடிச்ச ஆளோட பிரமாணப் பத்திரம் வேணும். இந்தத் தடவை நீதான் கையெழுத்துப் போடணும். போலீஸ்லயும் கம்ப்ளெய்ன்ட் குடுத்தாச்சு. ஷூட்டிங்ல இருந்த ஒருத்தர் போனையும் விட மாட்டாங்க."

"சரி சார்" என்றாள் ஷாரோன். 

வரைவு மனுவைக் கையோடு அனுப்பியிருந்தார்கள். ஷாரோன் படித்துச் சொன்னாள். பாட்டைப் போட்ட இணையதளங்கள், இன்டர்நெட் கம்பெனிகள், அவர்களுக்குக் கீழே 'பெயரும் முகவரியும் தெரியாத எதிர்மனுதாரர்கள்' என்று இருந்தது.

"பேரே தெரியாதவங்க மேல எப்டிடி கேஸு போடுவாங்க?"

"தெரியறப்ப சேத்துப்பாங்க அக்கா."

சோபியா தன் போனை இடுப்பிலிருந்து எடுத்தாள். பிறகு, "அழிச்சிடலாம் பாப்பா. என் போன்லயும், உன் போன்லயும்" என்றாள்.

"ரெண்டு பக்கமும் சேந்து அழியணும்னா அனுப்பினதுலருந்து ரெண்டரை நாளுதான். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் முடியும்" என்றாள் ஷாரோன். அழி என்றும் சொல்லவில்லை, அழிக்காதே என்றும் சொல்லவில்லை. திரும்பி உட்கார்ந்து அடுத்த முகவரியைத் திறந்தாள். அக்கா எடுத்த பாட்டை ஒவ்வொரு இடமாகத் தேடி எடுக்கவைக்கும் வேலையை, வெள்ளிக்கிழமை முழுவதும் தங்கை செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசிவரை கேட்டாள். 

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கோபால் மொபெட்டில் வந்து இறங்கினார்.

"இன்னா சோபியா, பேஜாராப் பூட்ச்சே. திங்கக்கெழமை போலீசு வருதாம். ஆளாளுக்குப் போனைக் கேப்பானுங்க."

"நீங்க உங்க மருமவளுக்குன்னுதானே கேட்டீங்க மேஸ்திரி?"

"அவளுக்குத்தாம்மா குடுத்தேன். அது கையிலருந்து எங்க போச்சோ, யாரு கண்டா? அத்த வுடு. எனக்கு அனுப்பினத அழிச்சிடு. என் போன்லயும் சேந்து போவுற மாதிரி அழி. இன்னிக்கு ராத்திரி பத்தரைக்குள்ள அழிச்சாத்தான் போவும், அப்பால போவாது."

"மணி நிமிஷமெல்லாம் கரெக்டா சொல்றீங்களே."

"ஊரே பேசிக்கினு கீது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தங்கச்சிக்கு அனுப்பணும்னு வாய வேற திறந்து வெச்சிருக்கியாமே. அது உத்தியோகத்துல நீயே மண்ணு போட்டுடாத. படிச்ச பொண்ணு பாவம்." மொபெட்டைத் திருப்பிக்கொண்டே, "நான் பாத்துக்கிறேன், நீ வாய மட்டும் மூடிக்கினு இரு" என்றார்.

அவர் போனபின் சோபியா போனைக் கையில் எடுத்தாள். அந்தச் செய்தியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். அழிக்கவா என்று போன் கேட்டது. மருமகளுக்குப் பாட்டு அனுப்பிய மனிதருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். விரலை எடுத்துவிட்டு, ஆணியில் தொங்கிய காலண்டர் தாள்களைக் கழற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"உன் அட்டவணையில ஷூட்டிங்ல எடுத்த பாட்டு வேற ஏதாவது கீதா பாரு. போன வருசத்துது."

ஷாரோன் தேடினாள். "நவம்பர் 3. பகல் பன்னண்டு இருபது."

சோபியா நவம்பர் கொத்தைப் பிரித்து வெள்ளிக்கிழமைத் தாளைத் திருப்பினாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: தாமல் ஏரிக்கரை. ஷூட்டிங். கோபால் வேன். காலை 6, மாலை 5. போன் பையில்.

"இன்னொண்ணு?"

"ஆகஸ்ட் 11. காலையில ஒம்பது அம்பது."

ஓரிக்கை பாலாறு. ஷூட்டிங். கோபால் வேன். காலை 5, மாலை 4. போன் பையில்.

ஷாரோன் இரண்டு தாள்களையும் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று பாட்டும் முதலில் ஏறியது ஒரே சேனலில்.

"மூணு தபாவும் அந்தாளு வேனு" என்றாள் சோபியா. "பையில போட்டது போவ, ஒரு போனை மட்டும் யாரு கையிலயாவது வுட்டு வெச்சிருக்கான். இந்தத் தபா என் கையில."

"அக்கா, இதச் சொல்லணும்னா, நீ அவருக்கு அனுப்பின மெசேஜு இருக்கணும். நீ ரெண்டு பேருக்குத்தான் அனுப்பினன்னு அதுலதான் தெரியும். ஆனா அது இருந்தா, எடுத்தது நீதான்னும் தெரியும். உன்ன ஸ்டேஷன்ல உக்கார வெச்சிடுவாங்க."

"உன் போன்லயும்தானே கீது. உன்ன?"

"என் வேலை போவும்."

சர்ச்சில் சாயங்கால மணி அடித்தது. பத்தரைக்கு நாலரை மணி நேரம் மிச்சம் இருந்தது. சோபியா தன் போனைத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"என் கையில இருந்தா நான் அழிச்சிடுவேன். நீ வெச்சிக்கோ."

ஷாரோன் அங்கேயே ஸ்ரீகாந்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். 

"உன் சொந்த அக்காவா? ஷாரோன், இதை நீ எங்கிட்ட சொல்லலைன்னு வெச்சுக்கோ. மேஸ்திரியைப் பத்தி நான் வேற வழியில போலீஸுக்குச் சொல்லிக்கறேன். கையெழுத்துக்கு வேற ஆளைப் போட்டுடலாம். முப்பது செகண்டு கேட்டதா எழுதினாப் போதும்."

"முதல்ல பிடிச்சது நான் சார். கடைசிவரைக்கும் கேட்டதும் நான்தான். வேற ஒருத்தர் எப்படி சார் சத்தியம் பண்ணுவாங்க?"

"வேலை போச்சுன்னா என்னைக் கேக்காத."

"சரி சார்."

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பாடல் நேரத்தில் சபையே பாடியது. சோபியா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் தன் குரலை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று பயம். திங்கட்கிழமை போலீஸ் வந்தது. அக்கா, தங்கை இருவர் போனையும் தாங்களே கொண்டுவருவதாக, ஸ்ரீகாந்த் மூலம் விஷயம் தெரிந்த கம்பெனி வக்கீல் சொல்லியிருந்ததால், காலனிக்குள் வராமல் கோபால் வீட்டோடு திரும்பிப் போனது. ஜீப் போன பிறகும் சோபியா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை அதிகாலைப் பேருந்தில் இருவரும் சென்னைக்குப் போனார்கள். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், மாடியில், கம்பெனி வக்கீல் சசிரேகாவின் ஆபீஸ். பிரமாணப் பத்திரம் பதினோரு பக்கம். சசிரேகா ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, ஒன்பதாவது பத்தியில் நிறுத்தினார்.

"'பதிவின் இரண்டு நிமிடம் முப்பத்தோராவது விநாடியில் கேட்கும் பெண் குரல் என் உடன்பிறந்த அக்காவுடையது.' இந்தப் பத்தி இல்லாமலும் தடை உத்தரவு கேட்க முடியும்மா. இருந்தா, உங்க அக்காவை என்ன பண்றதுன்னு கம்பெனியும் போலீஸும்தான் முடிவு பண்ணுவாங்க. என்னால வாக்குக் குடுக்க முடியாது."

ஷாரோன் அக்காவைப் பார்த்தாள். சோபியா வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு. பேர் தெரியாத பொம்பளன்னு மட்டும் போட்டுடாதீங்க. எனக்குப் பேரு கீது."

சசிரேகா பேனாவை எடுத்து, அந்த வரியில் 'சோபியா' என்று சேர்த்தார்.

பின்னால் நடந்ததெல்லாம் அன்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தப் பாட்டை வைத்திருந்த தளங்களையெல்லாம் முடக்க உத்தரவிட்டது. கோபாலின் போனில் வெளியாகாத ஏழு படங்களின் பாட்டுகள் இருந்தன. மருமகளுக்கு ஒன்றுகூட அனுப்பியிருக்கவில்லை. சோபியாவைக் காஞ்சிபுரத்தில் மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். அழிக்கப்படாத அந்தச் செய்தியையும் காலண்டர் தாள்களையும் வாங்கிக்கொண்டு, அவளை அரசுத் தரப்புச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். கம்பெனிக்கு அவள் மன்னிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தாள். ஷாரோனின் வேலை ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு திரும்பக் கிடைத்தது. காலனியில் இன்னும் இரண்டு வீட்டார் சோபியாவோடு பேசுவதில்லை. கோபால் வேன் நின்றதில் அவர்களுக்கு வேலை போயிற்று. அம்முலு பேசுகிறாள்.

அன்று தெரிந்ததெல்லாம், மேசைமேல் பதினோரு பக்கம் இருந்தது, எதிரில் சத்தியம் வாங்க வந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான். அவர் ஷாரோனை எழுந்து நிற்கச் சொல்லி, எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானா என்று கேட்டார். "உண்மை" என்றாள். உட்கார்ந்து, மேனேஜர் பெயர் வராத அந்தத் தாள்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அவசரமில்லாமல், தன் முழுப் பெயரை எழுதினாள். அறுபத்தோராயிரம் நோட்டீஸுக்குப் பிறகு, தான் செய்த வேலைக்குக் கீழே அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2024 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை.